படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி சுகாதார வீடியோக்களை அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், தறித் தொழிலாளர் சங்கம், ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், விருதுநகர், மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள், சிவகாசி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் சத்திரப்பட்டி வட்டாரத்தில் நெய்யும் பேண்டேஜ் துணி பல மாநில ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அதை நெய்யும் பெண்களில் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்கள் பலர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 73.44 விழுக்காடு. மற்றவர்கள் வீட்டுக்கும் இன்று வாட்ஸ்அப்பில் சுகாதார வீடியோ வந்துவிடுகிறது. பார்க்கிறார்கள், புரிவதில்லை.

எங்கள் உறுப்பினர் ஒருவர் வீட்டில் நடந்தது இது. பேத்திக்கு வயிற்றுப்போக்கு. பாட்டி ஓ.ஆர்.எஸ். (உப்பு–சர்க்கரைக் கரைசல்) வீடியோவை இரண்டு முறை பார்த்தார். "பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்" என்றது குரல். ஒரு லிட்டர் என்ற அளவு திரையின் ஓரத்தில் எழுத்தாக வந்து மறைந்தது. அவர் ஒரு டம்ளர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்கிவிட்டார். நல்ல வேளையாகச் செவிலியர் வந்து தடுத்தார். தண்ணீர் குறைந்தால் உப்பு மிஞ்சிக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பாட்டி மேல் தவறில்லை. கேட்டதை அப்படியே செய்தார்.

ஆகவே, திரையில் எழுதிக் காட்டும் ஒவ்வொன்றையும் குரலும் சொல்ல வேண்டும். லிட்டர் பாட்டிலை நிரப்பிப் பாத்திரத்தில் ஊற்றுவதையும், பாக்கெட்டை முழுதாகக் கொட்டுவதையும் கையால் செய்து காட்ட வேண்டும். ஓடும் தறிச் சத்தத்தில் குரல் கேட்காது. அங்கே படம்தான் பேச வேண்டும். எழுத்து தெரியாதவர்களுக்கும் எண் தெரியும், பஸ் நம்பரும் கூலிக் கணக்கும் பார்த்துப் பழகியவர்கள். 104, 108 ஆகிய உதவி எண்களைப் பெரிதாகக் காட்டுங்கள்.

"நீரிழப்பு" என்றால் யாரும் பதறுவதில்லை. "வாய் காய்ந்து, கண் குழி விழுந்து, பிள்ளை துவண்டு கிடந்தால்" என்றால் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். "உயர் இரத்த அழுத்தம்" வேண்டாம், "பிரஷர்" போதும். ஒரு வீடியோவில் ஒரே விஷயம் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக, வெளியிடும் முன் இங்குள்ள பத்துப் பெண்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். பொடியையும் பாத்திரத்தையும் கையில் கொடுத்துக் கரைக்கச் சொல்லுங்கள். தடுமாறும் இடத்தை மாற்றி எடுங்கள். 2021 ஆகஸ்ட் முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர்கள், மாத்திரை கொடுக்க வரும்போதே இந்த வீடியோக்களையும் போட்டுக் காட்டலாம்.

சோதனைக்கு இடமும் ஆட்களும் சங்கம் தரும். முதல் வீடியோ ஓ.ஆர்.எஸ். பற்றியதாக இருக்க வேண்டுகிறோம். அதைப் பார்த்துக் கரைத்துக் காட்ட அந்தப் பாட்டியே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்
(சங்க உறுப்பினர்கள் சார்பில்)