உப்பு பாக்கெட் சொல்லும் கணக்கு

உணவுப் பழக்கத்தை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள். ஓட்ஸ் வாங்குகிறார்கள், வெந்நீரில் தேன் கலந்து குடிக்கிறார்கள், பத்தாம் நாள் பழைய தட்டுக்கே திரும்புகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் மளிகைப் பட்டியல்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 31.5 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் இருப்பதாக மதிப்பிட்டது.

ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமைத் தாண்டக் கூடாது. 2,000 கலோரி உணவுக்கு எண்ணெய் 27 கிராம் போதும். நான்கு பேர் கொண்ட வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும்; எண்ணெய் மாதத்துக்குச் சுமார் மூன்றரை லிட்டர். ஊறுகாயும் அப்பளமும் ஓட்டல் பரோட்டாவும் இதற்குள் அடக்கம்.

தட்டின் கணக்கு இன்னும் கறாரானது: தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம். பல வீடுகளில் சோறு மலையளவு, பொரியல் ஒரு கரண்டி. சோம்பல் மட்டும் காரணமல்ல. ரேஷனில் அரிசியும் கோதுமையும் கிடைக்கின்றன, கத்தரிக்காய் கிடைப்பதில்லை. எண்ணெயில் மிச்சமாகும் காசு கீரைக்கட்டுக்கு உதவும்.

உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதியை எழுதி வைக்கலாம். 50 நாளுக்கு முன்பே காலியானால், எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.