தனி தொடங்கியதும் எழுந்து போகலாமா?

மார்கழி சபாக்களில் வழக்கமான காட்சி இது. பிரதான கீர்த்தனையைத் தொடர்ந்து தனி ஆவர்த்தனம் தொடங்கியதுமே, ரசிகர்கள் பலரும் கேன்டீன் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். அதுவரை பாட்டுக்கு அனுசரணையாக வாசித்த மிருதங்கம், கடம், கஞ்சிரா கலைஞர்கள் தங்கள் வித்தையை முழுதாகக் காட்டக் கிடைப்பதே அந்தச் சில நிமிடங்கள்தான். அந்த நேரம் பார்த்து, மேடையிலிருந்து அவர்களுக்குத் தெரிவதோ ரசிகர்களின் முதுகு!

கடைசி பஸ், மாத்திரை நேரம், வீட்டில் குழந்தை... அவசரம் யாருக்கும் வரலாம். சீக்கிரம் கிளம்பணும் என்று முன்பே தெரிந்தால், ஓர இருக்கையில் உட்காருங்கள். ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போது, குனிந்தபடி வெளியேறுங்கள். ஆலாபனைக்கு நடுவே வேண்டாம். செல்போன் டார்ச்சும் வேண்டாம்.

காபி அரை மணி கழித்தும் கிடைக்கும். அன்றைய தனி அன்றோடு சரி!