செங்கன்னூரில் முடிந்தது, முளந்துருத்தியில் முடியாததேன்?

கேரளத்தில் பம்பை ஆற்றங்கரையில் இருக்கும் செங்கன்னூரை, சபரிமலைக்கு ரயிலில் போகிற தமிழர்கள் நன்கு அறிவார்கள். அந்தச் சிறு நகரத்தின் பழைய சுரியானித் தேவாலயம், கோயில் சிற்பிகளின் கைத்திறனை நினைவூட்டும் கல்வேலைப்பாடுகளுக்குப் பேர்போனது. தேவாலயம் ஒன்றுதான், உரிமை இரு சபைகளுக்கு. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் மார்த்தோமா சபையும் அதைக் கூட்டாக வைத்திருக்கின்றன. அவரவர் முறையில் வழிபடுகின்றன.

இவ்விரு சபைகளும் இணக்கமாகப் பிரிந்தவை அல்ல. 1836இல் மாராமண்ணைச் சேர்ந்த ஆபிரகாம் மல்பான் சுரியானி வழிபாட்டை மலையாளத்துக்குக் கொண்டுவந்தார். புனிதர்களை நோக்கிய மன்றாட்டுகளையும் இறந்தோருக்கான ஜெபங்களையும் நீக்கினார். மரபுத் தரப்பு கொதித்தது. 1876இல் அந்தியோக்கிய முதுபெரும் தந்தை நேரில் வந்து, முளந்துருத்தியில் சபை மாமன்றத்தைக் கூட்டினார். தேவாலயங்கள் யாருக்கு என்ற வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. 1889இல் திருவிதாங்கூர் ராயல் கோர்ட் மூன்று நீதிபதிகளில் இருவரின் கருத்துப்படி மரபுத் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சீர்திருத்தத் தரப்பு பெரும்பாலான தேவாலயங்களை இழந்து வெளியேறி, மார்த்தோமா சபையானது. ஆறே ஆண்டுகளில், 1895இல், பம்பை மணற்பரப்பில் மாராமண் நற்செய்தி மாநாட்டை அவர்கள் தொடங்கினார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தோற்றவர்கள் என்ன செய்யலாம் என்பதற்கு அதைவிட நல்ல விடை இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. இன்றுவரை இவ்விரு சபைகளும் ஒரே நற்கருணைப் பந்தியில் அமர்வதில்லை. ஆயினும் செங்கன்னூரில் ஒரே கட்டடத்தைப் பயன்படுத்த அது தடையாக இல்லை.

இதை நினைவூட்டக் காரணம் உண்டு. அதே ஆர்த்தடாக்ஸ் சபைக்கும், மரபுத் தரப்பின் மற்றொரு பிரிவான யாக்கோபாய சபைக்கும் இடையிலான பூசலில் கொள்கை வேறுபாடு என்று சொல்லத்தக்கது அநேகமாக எதுவுமில்லை. குர்பானா எனும் நற்கருணை வழிபாட்டு முறை ஒன்று, நோன்புகள் ஒன்று, போற்றும் புனிதர்களும் பெரும்பாலும் அதே புனிதர்கள். இறுதி அதிகாரம், ஆர்த்தடாக்ஸ் தரப்பு சொல்வதுபோல் கோட்டயத்தில் இருக்கும் கத்தோலிக்கோஸுக்கா, யாக்கோபாயத் தரப்பு சொல்வதுபோல் டமாஸ்கஸில் இருக்கும் அந்தியோக்கிய முதுபெரும் தந்தைக்கா என்பதே வழக்கு. 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் இரு தரப்பும் சமாதானமாயின. எழுபதுகளில் மீண்டும் பிரிந்தன. 1995இல் மறுபடி தீர்ப்பு. 2017 ஜூலை 3 அன்று மூன்றாவது தீர்ப்பு: 1,064 பங்குத் தேவாலயங்களுக்கும் ஆர்த்தடாக்ஸ் தரப்பின் 1934ஆம் ஆண்டுச் சபை அமைப்புச் சட்டமே பொருந்தும், இணை நிர்வாகம் கூடாது. அதுவரை சில பங்குகளில் இரு தரப்பும் முறைவைத்து வழிபட்டுவந்த ஏற்பாட்டுக்கும் அதோடு இடமில்லாமல் போனது.

அடுத்து நடந்தவை ஊரறிந்தவை. 2019 செப்டம்பரில் பிறவம், 2020 ஆகஸ்டில் முளந்துருத்தி என்று ஒவ்வொரு தேவாலயத்திலும் போலீஸ் நுழைந்தது. யாக்கோபாய முதியவர்களும் பெண்களும் அழுதபடி வெளியேற்றப்பட்டார்கள். ஆலுவா திருக்குன்னத்து செமினாரியின் தேவாலயம் 1977இல் நடந்த மோதலுக்குப் பின் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. புதிதாக நடந்தது கல்லறைத் தோட்டங்களில். ஆலப்புழை மாவட்டம் கட்டச்சிறையில் ஒரு யாக்கோபாய மூதாட்டியின் உடல், கணவர் வீட்டுக் கல்லறையில் இடம் கிடைக்காமல் ஒரு மாதத்துக்கும் மேலாகக் காத்திருந்தது. 2020இல் கேரள அரசு அவசரச் சட்டமும் தொடர்ந்து தனிச் சட்டமும் கொண்டுவந்து, முன்னோர் துயிலும் இடத்தில் அடக்கம் பெறும் உரிமையை உறுதிசெய்ய வேண்டிவந்தது. கிறிஸ்தவர் ஒருவரைக் கிறிஸ்தவக் கல்லறையில் புதைக்க சட்டமன்றம் தலையிட வேண்டியிருந்தது என்பது இரு சபைத் தலைமைகளுக்கும் அழியாத இழுக்கு.

சட்டம் ஆர்த்தடாக்ஸ் தரப்பின் பக்கம் நிற்கிறது. அதை மறுக்க நமக்கு எந்தக் காரணமும் இல்லை. உச்ச நீதிமன்றம் மூன்று முறை சொன்னதை ஏற்காமல், ஆட்களைத் திரட்டி வாயிலை மறித்த யாக்கோபாயத் தலைமை, குடிமக்களுக்குச் சட்டத்தை மதிக்கச் சொல்லும் தகுதியை இழந்துவிட்டது. பங்குதோறும் வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பான்மைக்கே தேவாலயம் என்ற அதன் கோரிக்கையும் நியாயமாகாது. இன்று இங்கே வெளியேற்றப்படுகிறவர்களின் இடத்தில் நாளை அங்கே சிறுபான்மையாக இருப்பவர்கள் நிற்பார்கள், அவ்வளவே. தீர்ப்பை நிறைவேற்றுவதையும் தள்ளிப்போடுவதையும் தேர்தல் கணக்கோடு பார்த்துவந்த கேரளத்தின் இரு அரசியல் கூட்டணிகளுக்கும் இதில் பங்குண்டு.

என்றாலும், பெரிய பொறுப்பு வென்றவர்களுடையது. பல பங்குகளில் மிகச் சில ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களே உள்ளன. தலைமுறைகளாகக் கல்லும் மண்ணும் காசும் கொடுத்துக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் மதிலுக்கு வெளியே நிற்கிறார்கள். தீர்ப்பு தரும் உரிமை, அதை முழுவதுமாகப் பிடுங்கிக்கொள்ளும் கடமையாக மாறிவிடுவதில்லை. சொத்து யாருடையது என்று நீதிமன்றம் சொன்னது. அதில் ஜெபிக்க அண்டைவீட்டாருக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்க மனமுண்டா என்பதை ஆயர்களே சொல்ல வேண்டும். செங்கன்னூரில் மார்த்தோமாவினரோடு வாழத் தெரிந்த சபை, தன் குர்பானாவையே சொல்லும் யாக்கோபாயரோடு வாழ இயலாது என்பதை நாம் ஏற்க மாட்டோம்.

மதப்போர்களால் சீரழிந்த ஜெர்மனியிலும் ஒரே ஆலயத்தைப் பகிர முடிந்திருக்கிறது. பௌட்சன் நகரின் புனித பேதுரு பேராலயத்தில் 1524 முதல் லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் சேர்ந்திருக்கிறார்கள். நடுக்கூடம் ஒருவருக்கு, பீடப்பகுதி மற்றவருக்கு, இடையில் ஒரு கிராதி. வழிபாட்டு நேரங்களை ஒப்பந்தமாக எழுதிவைத்தார்கள். அன்பு பெருகியதால் செய்ததல்ல. இருவராலும் மற்றவரை விரட்ட முடியவில்லை. ஆள் உயரத்தை மிஞ்சி நின்ற அந்தக் கிராதி இருபதாம் நூற்றாண்டில் தாழ்த்தப்பட்டது.

ஆறு தேவாலயங்களை ஆர்த்தடாக்ஸ் தரப்பிடம் ஒப்படைப்பது குறித்த வழக்கில், இருக்கும் நிலையே தொடரட்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில், அவ்வழக்கில் உயர் நீதிமன்றம் பிறப்பித்த அவமதிப்பு உத்தரவுகளை நீக்கி, மறுபரிசீலனைக்காக அந்த நீதிமன்றத்துக்கே அனுப்பியது. அந்த இடைவெளியை இரு தரப்பும் அடுத்த மனுவை எழுதச் செலவிட்டால் அது பெரும் பிழை. யாக்கோபாயத் தலைமை உரிமைத் தீர்ப்பை ஏற்பதாக எழுத்தில் தர வேண்டும். ஆர்த்தடாக்ஸ் தலைமை, வழிபாட்டு நேரத்தைப் பகிரும் ஒப்பந்தத்தைப் பங்குதோறும் முன்வைக்க வேண்டும்; நீதிமன்றத்தின் அனுமதியோடு அதைச் செய்யலாம். போலீஸை வாயிலில் நிறுத்தும் மனுக்களை இரண்டும் விலக்கிக்கொள்ள வேண்டும். கல்லறைத் தோட்டங்களோ இவற்றில் எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கான சட்டம் 2020 முதலே இருக்கிறது. அதை மீறுபவர் எந்த அங்கி அணிந்திருந்தாலும் அரசு வழக்குத் தொடர வேண்டும்.