ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.6 கிராம் உப்பு

உணவுப் பொருள் எதுவும் தன் பெயரில் ‘ஓஆர்எஸ்’ (வாய்வழி நீரேற்றக் கரைசல்) என்று போட்டுக்கொள்ளக் கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. 2022இலும் 2024இலும் தானே கொடுத்திருந்த அனுமதியை ஆணையம் இப்படித் திரும்பப் பெற்றதற்குப் பின்னால், ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷின் பல ஆண்டுப் போராட்டம் இருக்கிறது.

ஒரு பெயருக்காக இவ்வளவு போராட வேண்டுமா? வேண்டும். நம் செல்களுக்கு வெளியே சோடியமும் உள்ளே பொட்டாசியமும் மிகுந்திருக்கின்றன. அந்த வேறுபாட்டை நம்பித்தான் நரம்பு சேதி கடத்துகிறது, இதயம் துடிக்கிறது. வயிற்றுப்போக்கில் தண்ணீரோடு இந்த உப்புகளும் போய்விடுகின்றன. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால், ரத்தத்தில் மிச்சமிருக்கும் சோடியமும் நீர்த்துப்போகும். நல்லவேளையாக, சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று குடல் சுவரில் உண்டு. காலராவிலும் அது வேலை செய்கிறது. அவை போகும் வழியே தண்ணீரும் போகும்.

ஓஆர்எஸ்ஸுக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு இதற்கேற்ப வகுக்கப்பட்டது. ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. சர்க்கரை இதைவிட வெகுவாகக் கூடினால், குடல் உறிஞ்சுவதற்குப் பதிலாக உடம்பின் நீரையே குடலுக்குள் இழுத்துக்கொள்ளும், போக்கு அதிகரிக்கும். ‘ஓஆர்எஸ்’ என்ற பெயரில் வந்த பழச்சுவையூட்டிய இனிப்புப் பானத்தை மருந்தென்று நம்பிக் குழந்தைக்குப் புகட்டும் தாய்க்கு இது எப்படித் தெரியும்?

சரியான கரைசலின் வலிமை 1971இல் தெரிந்தது. வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ரத்தக் குழாயில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் நிறுத்துப் பொட்டலம் கட்டச் செய்து, பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்தார். உறவினர்களே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். 30 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஆனால், பெயரைத் தடுத்ததோடு அரசின் கடமை முடிந்துவிடவில்லை. நம் வீடுகளில் ஒரு லிட்டர் பொட்டலத்தைப் பிரித்துக் கொஞ்சத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குகிறோம். மீதியை மடித்து அடுத்த வேளைக்கு வைக்கிறோம். ஒரு டம்ளரில் உப்பு ஏறிப்போகலாம், அடுத்ததில் குறைந்துபோகலாம். கைக்குழந்தைக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆபத்து. இளநீரும் முழு மாற்றாகாது: அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே கேடாகலாம்.

பொட்டலம் கொடுக்கும் செவிலியர், ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து ஒருமுறை கலக்கிக் காட்டினால் போதும். மருந்துக் கடைகளிலோ வண்ணப் பானங்கள் முன்வரிசையில் நிற்கின்றன. மலிவான ஓஆர்எஸ் பொட்டலம் கேட்டால்தான் வெளியே வருகிறது. அதைக் கண்ணில் படும்படி முன்னால் வைக்கவும், கரைத்த நீரை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிடவும் அரசு உத்தரவிட வேண்டும்.