கடைசித் தேர்வுக்கு மறுநாள்

போன ஞாயிற்றுக்கிழமை செனாயிலிருந்து அக்கா அழைத்தார். மகள் சென்னையில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பை முடிக்கப் போகிறாள். கடைசித் தேர்வு பிற்பகல் 1 மணிக்கு முடிகிறது. அன்று இரவே விமானம். கோலாலம்பூரில் இறங்கி, அடுத்த விமானம் பிடித்தால் செனாய்.

"பரீட்சை முடிஞ்ச மறுநாள் வீட்டுல பசியாறலாம். டிக்கெட்டும் மலிவாக் கிடைச்சது. ஒரு நாள்கூட வீண் இல்ல பாரு" என்றார்.

"ஒரு அஞ்சு நாள் தள்ளிப் போட்டிருக்கலாமேக்கா?"

"அஞ்சு நாள் அங்க என்ன வேலை? பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே!"

அந்தக் கேள்விக்கு அப்போது எனக்குப் பதில் வரவில்லை. வானொலியில் மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவளுக்கு அக்காவிடம் மட்டும் எப்போதும் இப்படித்தான். பதிலை இங்கே எழுதுகிறேன். அக்கா ஞாயிறு மலரைத் தவறாமல் படிப்பவர்.

2010 ஏப்ரலில் நானும் அதே சென்னையில், அதே மாதிரி கடைசித் தேர்வு எழுதினேன். அன்று இரவே விமானம். கூடுதல் தாள்களை நூலால் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், வகுப்பே மார்க்கர் பேனாவோடு ஒருவர் சட்டையில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நூலகத்தில் பாக்கி இல்லை என்று ஒரு கையெழுத்து, விடுதியில் ஒன்று, ஆய்வுக்கூடத்தில் ஒன்று. அதற்கே மணி நாலு ஆகிவிட்டது. அறைக்கு ஓடினேன். என் அறைத்தோழி தூத்துக்குடிக்காரி. அவளுக்கு எழும்பூரில் ரயில். அவள் கிளம்பிப் போயிருந்தாள். பாயைச் சுருட்டிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, என் தலையணைமேல் ஒரு பொட்டலம் மக்ரூன் வைத்திருந்தாள். மூன்று வருடம் ஒரே மின்விசிறியின் கீழ் தூங்கியவர்கள் நாங்கள். பிறகு நேரில் பார்த்ததே இல்லை. பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப்பில் கேக் படம் அனுப்பிக்கொள்கிறோம்.

உள்ளூரில் படித்து முடிப்பவருக்கு இது இல்லை. ஸ்கூடாயில் படித்தவர் ஜொகூர் பாருவில் வேலை பார்ப்பார். பழைய நண்பனைத் தே தாரிக் கடையில் எப்போதாவது பார்த்துவிடலாம். வெளிநாட்டில் படித்தவருக்கு நண்பர்கள், தெரு, டீக்கடை, பேருந்து எண் எல்லாம் ஒரே இரவில் போய்விடுகின்றன. திரும்பிப் போனாலும் சுற்றுலாப் பயணியாகத்தான் போக முடியும்.

தமிழ்நாட்டில் படிக்கும் நமக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. தாத்தா பாட்டி கப்பலேறிய மண்ணில் நாம் 'ஃபாரினர்'. போய் இறங்கிய 14 நாளுக்குள் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் வெளிநாட்டவராகப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. இப்போது அதை இணையத்திலேயே செய்யலாம். ஆனால் விடுதியில், "சொந்த ஊர் எது?" என்று கேட்பவரிடம் செனாய் என்றால், "அது சரிம்மா, பூர்வீகம்?" என்பார்கள். மூன்று வருடமும் இதற்குச் சரியான பதில் சொல்லத் தெரியாமலே முடிந்தது.

கப்பல் காலத்தில் பிரிவுக்கு நேரம் இருந்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. படகில் போய்த்தான் ஏற வேண்டும். கரையில் நிற்பவர்கள் படகு சிறுத்துப் போவதையும் பார்ப்பார்கள், பிறகு கப்பல் சிறுத்துப் போவதையும் பார்ப்பார்கள். அழுது முடிக்க அவகாசம் கிடைத்தது. கடலில் பல நாள். ஊர் வந்து சேர்வதற்குள் மனமும் மெல்ல வந்து சேர்ந்துவிடும். ரஜூலாவுக்குப் பிறகு வந்த சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பல உயிர்கள் போயின. அதோடு இந்தப் பயணிகள் கப்பல் சேவையும் நின்றது. அதன் பிறகு வந்த நமக்கு நாலு மணி நேர விமானம்தான்.

அந்தக் காலத்தில் நினைத்தபோது வர முடியாமல் போனவர்களும் உண்டு. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் படித்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. கடல் வழி அடைபட்டது. போர் முடிந்த பிறகே அவர் நாடு திரும்பினார். நாட்டின் அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் நாம் அறிந்த மனிதர். அதற்கு முன், படித்த ஊரில் வீட்டுச் செய்திக்காகக் காத்திருந்த இளைஞராக அவரை நினைத்துப் பார்க்கிறேன். விடைபெற ஐந்து நாளா, ஐந்து வருடமா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

நம் காலத்திலும் இது நடந்தது. அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தம்பி 2020இல் தமிழ்நாட்டில் கடைசிப் பருவம் படித்துக்கொண்டிருந்தான். மார்ச் 18இல் இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு. 22இல் இந்தியா பன்னாட்டு விமானங்களை நிறுத்தியது. சிறப்பு விமானத்தில் இடம் இருக்கிறது என்று தகவல் வந்தபோது, ஒரு முதுகுப்பையோடு கிளம்பினான். பெட்டி, புத்தகம், கிரிக்கெட் மட்டை எல்லாம் விடுதி அறையில். 'பத்து நாளில் திரும்பி வரப்போகிறோம்' என்ற நினைப்பு. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இறுதியாண்டுத் தேர்வை நடத்தியே ஆக வேண்டும் என்பதை ஆகஸ்ட் 28இல் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. செப்டம்பரில் அவன் செனாயில், சமையலறை மேசையில் உட்கார்ந்து தேர்வு எழுதினான். அங்கே காலை 10 மணி என்றால் இங்கே பகல் 12.30. அம்மா குழம்பு தாளிக்காமல் காத்திருந்தாராம், தும்மல் வந்துவிடும் என்று. கடைசித் தாளைப் படமெடுத்து அனுப்பிவிட்டு எழுந்தவன், "முடிஞ்சிடுச்சும்மா" என்றான். "சரி, சாப்பிடு" என்றார் அம்மா. அவ்வளவுதான் அவன் கல்லூரிப் பிரியாவிடை. அன்று அவன் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை என்று அவனே என்னிடம் சொன்னான். ஏன் அதைப் போட்டான் என்று நான் கேட்கவில்லை.

அவனுக்குக் கிடைக்காத அந்த ஐந்து நாளைத்தான் அக்கா மிச்சம் பிடித்திருக்கிறார்.

காரியமாகப் பார்த்தாலும் அந்த நாட்கள் வீணில்லை. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் எவையெவை எப்போது கிடைக்கும், வராதவற்றை யார் வாங்கி அனுப்புவார்கள் என்று நேரில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். இங்கே வந்த பிறகு ஒரு காகிதத்துக்கு எத்தனை மின்னஞ்சல் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். வாளி, மெத்தை, சைக்கிளை அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வரலாம். இதெல்லாம் இரண்டு நாள் வேலை.

மீதி மூன்று நாள் எதற்கு என்றால், எங்கள் விடுதியில் ஓர் ஆயாம்மா இருந்தார். மாடிப்படி கூட்டுவார். என்னை "மலேசியா" என்றுதான் கூப்பிடுவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தவர். முழங்கால் வலிக்காரர். "ஊருக்குப் போனா கோடாலித் தைலம் வாங்கியா மலேசியா" என்பார். முதல் இரண்டு விடுமுறையிலும் மறந்துவிட்டேன். கடைசி நாள், ஆட்டோவில் பெட்டி ஏற்றும்போது, துடைப்பத்தோடு வாசலில் நின்றார். "போயிட்டு வரேன் ஆயாம்மா, அடுத்த தடவை தைலம் கண்டிப்பா" என்றேன். ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார்.

அடுத்த தடவை வர நாலு வருடம் ஆனது. கைப்பையில் ஆறு புட்டி தைலம். வாசலில் வேறு காவலாளி. "எந்த ஆயாம்மா? பேர் சொல்லுங்க" என்றார்.

எனக்குப் பெயர் தெரியாது. மூன்று வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

தைலத்தை அப்போது படிகூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் பெயரைக் கேட்டுக்கொண்டேன்.

இந்தக் கதையை நேற்று அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "டிக்கெட் தேதி மாத்தினா எக்ஸ்ட்ரா கட்டணுமே, அத யார் கட்டுறது?" என்றார்.

"நான் கட்டுறேன்க்கா."

"அஞ்சு நாள் சாப்பாட்டுக்கு?"

"அதையும்தான்."

"அப்ப சரி" என்றவர், வைப்பதற்கு முன் கேட்டார்: "இவ விடுதியிலயும் அந்த மாதிரி ஒரு ஆயாம்மா இருப்பாங்களா? எதுக்கும் தைலம் ரெண்டு புட்டி அனுப்ப முடியுமான்னு பாக்குறேன்."