கதவில் தொங்கிய ஓலை

தாய்லாந்தில் ஒருவர் புத்த பிக்கு ஆக வேண்டுமென்றால், மூத்த துறவியர் கூட்டத்தின் முன்னால் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தொழுநோய் உண்டா? வலிப்பு உண்டா? கடன் பாக்கி இருக்கிறதா? அரசாங்க வேலையில் இருக்கிறாயா? அப்பா, அம்மா சம்மதித்துவிட்டார்களா? 20 வயது நிரம்பிவிட்டதா? பாத்திரமும் சீவர உடையும் தயாரா? இந்தக் கேள்விகளோடு கேள்வியாக இன்னொன்றும் வரும்: "நீ மனிதன்தானா?"

கேலிக்காகக் கேட்பதில்லை. அதற்கொரு கதை இருக்கிறது. ஒரு நாகம் மனித உருவெடுத்து வந்து பிக்குவாகிவிட்டதாம். விழித்திருக்கும்வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தூங்கும்போது சுயரூபம் தெரிந்துவிட்டது. உடனிருந்த பிக்கு அலறியடித்துக்கொண்டு ஓடினார். புத்தர் அந்த நாகத்தை ஆறுதல் சொல்லி அனுப்பி வைத்தார். அதன் நினைவாக, துறவுக்குக் காத்திருக்கும் இளைஞனை தாய்லாந்தில் இன்றும் 'நாக்' என்றே அழைக்கிறார்கள். நம்ம ஊர் நாகம்தான்.

வெளிநாட்டுக்காரர்களும் அங்கே இதற்காகப் போகிறார்கள். அமெரிக்காவில் பிறந்த சுமேதோ 1967இல் பிக்குவாகி, வனத்துறவி மரபின் பெரிய ஆசானான அஜான் சாவிடம் சீடராகச் சேர்ந்தார். அவரைப் போல வந்தவர்களுக்காகவே 1975இல் உபோன் மாகாணத்துக் காட்டில் 'வாட் பா நானாசாட்' என்ற மடம் தொடங்கப்பட்டது. வந்த மறுநாளே காவி கிடைத்துவிடாது. சில வாரம் விருந்தாளியாக இருக்க வேண்டும். பிறகு தலையையும் புருவத்தையும் மழித்து, வெள்ளை உடையில் சில மாதம். அடுத்து சாமணேரர் என்ற இளந்துறவியாக ஏறக்குறைய ஒரு வருடம். அதற்கப்புறம்தான் பிக்கு. பிக்குவான பிறகும் ஐந்து வருடம் ஆசிரியரின் கண்பார்வையில்தான் வாழ்க்கை.

மதுரையிலும் ஒரு வெளிநாட்டுக்காரர் காவி கட்டினார், 400 வருடங்களுக்கு முன்னால். அவருக்கு அதை யாரும் கொடுக்கவில்லை. தானாகவே கட்டிக்கொண்டார். அவரிடம் இந்த ஊர் கேட்ட கேள்வியும் வேறு: "நீ பரங்கியா?"

அவர் பெயர் ராபர்ட் தெ நொபிலி. 1577இல் இத்தாலியில் பெரிய பிரபு குடும்பத்தில் பிறந்தவர். வீட்டார் எதிர்ப்பை மீறி இயேசு சபையில் சேர்ந்தார். 1605இல் கோவாவில் கப்பல் இறங்கி, முத்துக்குளித்துறையில் தமிழ் படிக்கத் தொடங்கி, 1606 நவம்பரில் மதுரைக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது 29. நாயக்கர் ஆட்சிக் காலம் அது. திருமலை நாயக்கர் மகால் இன்னும் எழும்பாத மதுரை.

மதுரைக்குத் துறவிகள் புதியவர்கள் இல்லை. மாங்குளத்திலும் கீழக்குயில்குடி சமணர் மலையிலும் யானைமலையிலும் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாங்குளம் குகைக் கற்படுக்கைகளுக்கு மேலே இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்துகள் இருக்கின்றன. சமணர், பௌத்தர், சைவர், வைணவர் என்று எல்லாத் துறவியரையும் பார்த்துப் பழகிய ஊர். எது வேஷம், எது நிஜம் என்று எடை போடத் தெரிந்த ஊர் என்றும் சொல்லலாம்.

அந்த ஊரில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் 1595 முதலே இருந்தார். முன்னாள் சிப்பாய், நல்ல மனிதர். பள்ளிக்கூடம் நடத்தினார், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். கடற்கரையிலிருந்து வந்து மதுரையில் தங்கியிருந்த பரதவ கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டார். ஆனால் பத்து வருடத்துக்கு மேல் பாடுபட்டும் மதுரைக்காரர்கள் அவர் பக்கம் திரும்பவில்லை.

ஏன் என்பது தெ நொபிலிக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. ஒரு வார்த்தைதான் காரணம். 'பிராங்க்' என்ற ஐரோப்பிய இனப்பெயர் அராபியர் வாயில் 'ஃபரங்கி' ஆகி, தமிழுக்கு வந்து 'பரங்கி' ஆனது. சென்னையில் பரங்கிமலை, சமையலறையில் பரங்கிக்காய் என்று இன்றைக்கும் நம்மோடு இருக்கும் அதே சொல். அன்றைய மதுரையில் அதன் பொருள் வேறாக இருந்தது. மாட்டுக்கறி தின்பவன், சாராயம் குடிப்பவன், குளிக்காதவன், ஆசாரம் இல்லாதவன் – இவ்வளவும் சேர்ந்தவன்தான் பரங்கி. இதில் பெரிய கூத்து, ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்களிடமே "பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்தவம் என்ற மதத்துக்கு அதுதான் தமிழ்ப் பெயர் என்று நினைத்துவிட்டார்கள்! யார்தான் "சம்மதம்" என்று சொல்வார்கள்?

தெ நொபிலி மேலதிகாரியின் அனுமதி பெற்று கறுப்பு அங்கியைக் கழற்றினார். காவி உடுத்தினார். காலில் பாதக்குறடு, கையில் தண்டும் கமண்டலமும். பிராமணர் வசித்த பகுதியில் ஒரு குடிசை. ஒரு பிராமணர் சமைத்துக் கொடுக்க, நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. சோறு, காய்கறி, கொஞ்சம் பால், நெய். இறைச்சி, மீன், முட்டை, மது எதுவும் கிடையாது. தேடி வருகிறவர்களிடம் "சுவாமி தியானத்தில் இருக்கிறார், பிறகு வாருங்கள்" என்று பதில் போனது. காத்திருந்து பார்த்தால்தான் மதிப்பு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தத்துவ போதகர் என்ற பெயர் நிலைத்தது.

வேஷம் மட்டும்தான் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. தமிழைக் கசடறப் படித்தார். தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்ற பிராமணப் பண்டிதரிடம் உட்கார்ந்து சமஸ்கிருதம் பயின்றார். அந்த மொழியை ஆழமாகக் கற்ற முதல் ஐரோப்பியர்களில் ஒருவர் அவர். 'ஞானோபதேசம்', 'ஆத்தும நிர்ணயம்' என்று தமிழ் உரைநடையில் எழுதிக் குவித்தார். செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில் தத்துவத்தை உரைநடையில் எழுதியதற்காக, தமிழ் அவருக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. நிறம் வெளுப்பு, கண் வேறு மாதிரி, இவர் பரங்கிதானே? ஒரு நாள் அவர் வீட்டுக் கதவில் ஓர் ஓலை தொங்கியது. நான் பரங்கி அல்ல, பரங்கி நாட்டில் பிறந்தவனும் அல்ல, ரோமாபுரியில் அரச குலத்துக்கு ஒப்பான குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே உலகைத் துறந்தவன் என்பது அதன் சாரம்.

அது பொய்யா? போர்ச்சுக்கீசியர்தான் பரங்கி என்றால், அவர் பரங்கி இல்லை. ஐரோப்பியர் எல்லாரும் பரங்கி என்றால், அவரும் பரங்கிதான். வார்த்தையின் இடுக்கில் நுழைந்து வெளியே வந்துவிட்டார். ஒரே மதத்தைச் சொல்ல, ஒரே சபையிலிருந்து வந்து, பக்கத்துத் தெருவில் இருந்த பெர்னாண்டஸுக்கு அது எப்படி வலித்திருக்கும்! 1610இல் அவர் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். இவர் கிறிஸ்தவரை இந்துவாக்குகிறார் என்பதுதான் குற்றச்சாட்டின் சுருக்கம்.

புகார் கோவாவுக்குப் போனது. 1619இல் அங்கே கூடிய சபையில் பெரிய வாக்குவாதம். கோவா பேராயர் எதிர்ப்பு, கொடுங்கல்லூர் பேராயர் ஆதரவு. கிறிஸ்தவரானவர் குடுமி வைக்கலாமா, பூணூல் போடலாமா, சந்தனம் பூசலாமா என்று கண்டம் விட்டுக் கண்டம் வழக்கு நடந்தது. இவையெல்லாம் சமூக அடையாளங்கள், மத அடையாளங்கள் அல்ல என்றார் தெ நொபிலி. 1623 ஜனவரி 31இல் போப் பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அவர் பக்கம் தீர்ப்பளித்தார். மதுரைக் குடுமிக்கு ரோமாபுரியில் அனுமதி கிடைத்தது!

ஜெயித்துவிட்டார். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தது அவர் மட்டுமல்ல.

அத்வைத மரபில் ஒருவர் சந்நியாசம் வாங்கும்போது குடுமியையும் பூணூலையும் களைகிறார். உயிரோடிருக்கும்போதே தனக்குத் தானே சிராத்தம் செய்துகொள்கிறார். குலமும் கோத்திரமும் அத்தோடு போயிற்று. இவரோ காவிக்கு மேலே, சிறு சிலுவை கோத்த பூணூலையும் தொடக்கத்தில் அணிந்தார். துறவிக்கு இல்லாத குலத்தை, துறவி வேடத்தைக் காப்பாற்றுவதற்காகவே சுமக்க வேண்டியிருந்தது. பரதவ கிறிஸ்தவர்களோடு ஒன்றாக உட்கார முடியாது. தாழ்த்தப்பட்டவர்களாக வைக்கப்பட்டிருந்தவர்களை வெளிப்படையாகத் தன் குடிசைக்குள் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் அடுத்த நாளே அந்தத் தெருவில் அவர் பரங்கி ஆகிவிடுவார். அவர்களுக்காக 1640 வாக்கில் பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருமார் ஏற்பாடானார்கள். பல்தசார் தா கோஸ்டா அதில் முன்னோடி. மேல்சாதிக்கு ஒரு சாமி, கீழ்சாதிக்கு ஒரு சாமி என்று துறவே இரண்டாகப் பிரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் இங்கே சாதியை விட்டுக்கொடுக்காத மடங்கள் இல்லாமலா போயின? அதைச் சொல்லி இவரை விட்டுவிடலாம்தான். ஆனால் கடல் கடந்து, அங்கி மாற்றி, நாக்கைக் கட்டி இவ்வளவு தூரம் வந்தவர், அந்த ஒரு வாசலில் நின்றுவிட்டாரே என்ற வருத்தம் போகவில்லை.

பிற்கால வாழ்க்கை அவருக்குச் சுகமாக இல்லை. சேந்தமங்கலம், சேலம், திருச்சி என்று அலைந்தார். 1640இல் மதுரையில் சிறையில் அடைக்கப்பட்டார். கண்பார்வை மங்கியது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டு, கடைசியில் மயிலாப்பூரில் ஒரு குடிசையில் வாழ்ந்து, 1656 ஜனவரி 16இல் 78 வயதில் இறந்தார். அவர் போட்ட பாதையில் வந்தவர்கள்தான் ஓரியூரில் 1693இல் வெட்டுண்ட அருளானந்தரும், 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவரும்.

மதுரையிலிருந்து கிளம்பிய இன்னொரு கதை இதற்கு நேர் எதிர். 1896இல் சொக்கப்ப நாயக்கர் தெரு வீட்டிலிருந்து வெங்கடராமன் என்ற 16 வயதுப் பையன், சொல்லாமல் கொள்ளாமல் திருவண்ணாமலைக்கு ரயிலேறினான். அவருக்கும் யாரும் தீட்சை கொடுக்கவில்லை. அவர் காவியும் கட்டவில்லை, கோவணம் போதும் என்று இருந்துவிட்டார். ரமண மகரிஷியைத் தேடி பின்னாளில் வெள்ளைக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். அவர் யாருக்கும் முறைப்படி சந்நியாசம் கொடுத்ததில்லை. பிரிட்டிஷ் ராணுவ மேஜர் சாட்விக் 1935இல் வந்தார், ஆசிரமத்துக்குள்ளேயே ஒரு குடிலில் தங்கினார், 1962இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். சாது அருணாசலம் என்று அழைக்கப்பட்டார். நீ யார் என்று அங்கே ஓலை கேட்கவில்லை. உன்னையே கேட்டுக்கொள் என்றுதான் அனுப்பினார்கள்.

குளித்தலைப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் 1950இல் இரண்டு பிரெஞ்சுப் பாதிரிமார் காவியோடு சாந்திவனம் அமைத்தார்கள். அவர்களில் ஹென்றி லெ சோ, அபிஷிக்தானந்தர் என்ற பெயரோடு, திருக்கோவிலூர் தபோவனத்து ஞானானந்தகிரி சுவாமிகளைக் குருவாக ஏற்றார். 1960இல் இந்தியக் குடியுரிமையும் வாங்கினார். ஆக, ஓலைக்குப் பதில் அவரிடம் ஒரு அரசாங்கச் சான்றிதழ் இருந்தது.

இன்று மீனாட்சியம்மன் கோயிலுக்கு வரும் வெளிநாட்டவர்களில் காவி வேட்டி, உருத்திராட்சம், நெற்றி நிறைய விபூதி என்று வருகிறவர்களும் உண்டு. பொற்றாமரைக் குளம் வரை தடையில்லை. கருவறைப் பக்கம் போகும் வாசலில் அறிவிப்புப் பலகை நிறுத்திவிடும். சிலர் அங்கேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். சிலர் காவலரிடம் அரைகுறைத் தமிழில் வாதாடுகிறார்கள்.

2024 ஜனவரியில் பழனி கோயில் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஓர் உத்தரவு போட்டது. இந்து அல்லாதவருக்குக் கொடிமரத்துக்கு அப்பால் அனுமதி இல்லை. ஆனால் அப்படி ஒருவர் சுவாமி தரிசனம் செய்ய விரும்பினால், இந்தத் தெய்வத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, கோயில் வழக்கங்களுக்குக் கட்டுப்படுவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கோயில் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

ஓலைக்குப் பதில் காகிதம். கதவுக்குப் பதில் பதிவேடு.