ஆபரேஷனில் தவறு நடந்தால்... முதலில் கேட்க வேண்டியது கேஸ் ஷீட்!

1963 ஜூலை. மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு, குழந்தை பிறந்த சில நாள்களில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு கடும் காய்ச்சல், தாங்க முடியாத வலி. மீண்டும் வயிற்றைத் திறந்து பார்த்தால், ரத்தம் ஒற்றும் துணி ஒன்று உள்ளேயே கிடந்தது. அந்த மாதமே அவர் இறந்துபோனார். விசாரணை நீதிமன்றத்தில் கிடைத்த இழப்பீடு உயர் நீதிமன்றத்தில் பறிபோனது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தபோது ஆண்டு 1996. தொகை 36,000 ரூபாய்.

எந்த ஆபரேஷனிலும் ரிஸ்க் உண்டு. திறமையான டாக்டர் கவனமாகச் செய்தாலும் ரத்தக்கசிவு, தொற்று வரலாம். அதற்காக டாக்டரைக் கூண்டில் ஏற்ற முடியாது. நீதிமன்றங்களும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைப்பதும், வலது காலுக்குப் பதில் இடது காலைக் கிழிப்பதும் அந்தக் கணக்கில் வராது. அவை தடுக்கக்கூடியவை.

தடுக்க பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு தாள் போதும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை 19 அம்சங்கள். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், தியேட்டரை விட்டு நோயாளி வெளியேறுவதற்கு முன் என மூன்று இடங்களில் நிறுத்தி, வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். இவர் யார், எந்தப் பக்கம், துணி எண்ணிக்கை சரியா? டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்த முடிவு 2009-ல் வெளியானது. இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன.

‘கையெழுத்து போட்டுட்டீங்களே!’

தவறு நடந்ததும் மருத்துவமனையில் வரும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான். அந்தக் கையெழுத்து ரிஸ்க்குக்கான சம்மதம். அலட்சியத்துக்கு யாரும் சம்மதம் தருவதில்லை. 2008-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது: லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குச் சம்மதித்த பெண்ணின் கர்ப்பப்பையை, அவர் மயக்கத்தில் இருக்கும்போது அவருடைய அம்மாவிடம் கேட்டு அகற்றியது செல்லாது என்றது.

இந்த மாதிரி நேரத்தில் குடும்பம் செய்யும் முதல் வேலை மறியல், அல்லது ரீல்ஸ். கோபம் நியாயமானதுதான். ஆனால் வழக்கில் நிற்கப்போவது கேஸ் ஷீட். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்தி அடையக் கூடாது. ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, நர்ஸ் பதிவு, ஸ்கேன் எல்லாம் வேண்டும். மரணம் என்றால் பிரேதப் பரிசோதனை. ‘உடம்பை அறுக்க வேணாம்’ என்று குடும்பம் மறுத்துவிட்டால், பிறகு காரணத்தை நிரூபிப்பது மிகக் கடினம்.

யாரிடம் போவது?

தனியார் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம். 1995-லேயே உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது. பில்லை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கேட்கும் இழப்பீடு எவ்வளவு என்று பார்ப்பதில்லை, சிகிச்சைக்குக் கட்டிய தொகையை வைத்தே எந்த ஆணையம் என்பது முடிவாகும். அது 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது.

டாக்டரின் பதிவு மீது நடவடிக்கை வேண்டுமென்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். அங்கே பணம் கிடைக்காது. போலீஸ் வழி இன்னும் குறுகல். 2005 தீர்ப்பின்படி சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும். இன்னொரு டாக்டரின் சுயேச்சையான கருத்தும் தேவை. குற்றம் நிரூபணமானால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106-ன் கீழ் டாக்டருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை.

அரசு மருத்துவமனையில்தான் நியாயம் தடுக்கி விழுகிறது. எல்லாருக்கும் இலவசம் என்றால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது. சிவில் வழக்கு, இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. 2022-ல் சென்னையில் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு 17 வயது கால்பந்து வீராங்கனை காலையும் உயிரையும் இழந்தபோது டாக்டர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள், அரசு 10 லட்சம் கொடுத்தது. கேமரா அங்கே இருந்தது. கேமரா வராத வார்டுக்கு என்ன வழி? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை.

கடிகாரம் ஓடுகிறது

நுகர்வோர் வழக்குக்கு 2 ஆண்டு கெடு. 1993-ல் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றில் 2002-ல் காஸ் துணி கிடைத்தது. அவர் 2004-ல் வழக்குப் போட்டார். உள்ளே இருப்பது பிறகுதான் தெரிந்தால் தெரிந்த நாளிலிருந்து கணக்கு என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் ஒன்பது ஆண்டு வலியோடு இருந்தும் அந்த டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டு, 2010-ல் வழக்கைத் தள்ளியது. அவர் ஒரு நர்ஸ் என்பதையும் சுட்டிக்காட்டியது. கடுமையான தீர்ப்புதான். மாத்திரை போட்டுச் சமாளிக்கும் பழக்கம் யாருக்குத்தான் இல்லை?

விதிப்படி ஆவணங்களை மருத்துவமனை வைத்திருக்க வேண்டியதே சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுதான். அதற்குப் பிறகு உள்ளே ஏதாவது கிடைத்தால் தாளே இருக்காது. கேட்டால் தருவோம் என்ற நிலை போதாது. ஆபரேஷன் குறிப்பையும், துணி, கருவி எண்ணிக்கைத் தாளையும், நிரப்பிக் கையெழுத்திட்ட பாதுகாப்புப் பட்டியலையும் டிஸ்சார்ஜ் அன்றே பில்லோடு சேர்த்து நோயாளியின் கையில் கொடுப்பதைத் தமிழக அரசு கட்டாயமாக்க வேண்டும். முதலில் அரசு மருத்துவமனைகளில்.